கவிதையில் பெயர் இல்லாத ஹெல்மர்

சென்ற வாரம் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டுவிட்டு நழுவியதைப் பார்த்தோம். அது 1914 செப்டம்பர் 22. எம்டனின் குண்டு எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அதே முதல் உலகப் போர் ஏழு மாதம் கழித்து, பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரின் பக்கத்தில் கொன்ற ஓர் இளைஞனைப் பற்றி இந்த வாரம்.

பெயர் அலெக்சிஸ் ஹெல்மர். கனடாக்காரர், ராணுவ அதிகாரியின் மகன். மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினீயரிங் படித்தவர். பீரங்கிப் படையில் லெப்டினன்ட். வயது 22.

அதே பீரங்கிப் பிரிவுக்கு மருத்துவராக வந்தவர் ஜான் மெக்ரே. அவரும் மாண்ட்ரியலில் இருந்தவர்தான். அங்கே ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோய்க்கூறு நிபுணர், மெக்கிலில் ஆசிரியர். தென்னாப்பிரிக்க போயர் போரில் பீரங்கியோடு நின்ற அனுபவமும் உண்டு. வயது 42. இருபது வருட இடைவெளியைத் தாண்டி ஹெல்மருக்கும் அவருக்கும் நல்ல நட்பு.

1915 ஏப்ரல் 22 மாலை ஈப்பர் அருகே ஜெர்மானியர்கள் சிலிண்டர்களைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றில் விட்டார்கள். பிரெஞ்சுப் படை வரிசை உடைந்தது. அந்த இடைவெளியை அடைத்து நின்றவர்கள் கனடாக்காரர்கள். இரண்டே நாளில் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து அவர்கள் இழந்தது சுமார் 6,000 பேர். 26ஆம் தேதி நம் இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷனும் அதே களத்தில் இறங்கியது. கனடியப் பள்ளிப் புத்தகங்களில் அவர்களுக்கு எத்தனை வரி கிடைக்கும் என்று கேட்காதீர்கள்!

மே 2 காலை. ஹெல்மர் தன் பீரங்கிகளின் அருகே இருந்தபோது குண்டு நேராக அவர் மேல் விழுந்தது. உடல் சிதறிவிட்டது. கிடைத்ததை மணல் மூட்டைகளில் சேகரித்துக் கம்பளியில் வைத்துக் கட்டினார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, நன்றாகத் தூங்கப் பார்க்கிறேன் என்பதுதான் அவர் டைரியில் கடைசியாக எழுதியிருந்தது. அன்றிரவு, பாதிரியார் இல்லாததால், அடக்கச் சடங்கின் வாசகங்களை நினைவிலிருந்தே சொல்லி முடித்தவர் மெக்ரே. மறுநாள் அவர் ஒரு கவிதை எழுதினார் என்பது பரவலான செய்தி. 'இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்'. டிசம்பர் 8 அன்று லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் பெயர் போடாமல் வந்தது.

சிலுவைகளுக்கு நடுவே பாப்பிப் பூக்கள் ஆடும் காட்சியோடு தொடங்கும் கவிதை அது. பாப்பி விதை மண்ணுக்குள் பல வருடம் சும்மா கிடக்கும். மண்ணைப் புரட்டினால் முளைக்கும். பீரங்கிக் குண்டுகள் ஈப்பர் பக்கத்து வயல்களை ஒரு இடம் விடாமல் புரட்டியிருந்தன. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 நெருங்கும்போது கனடாவில் சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூவின் வேர் அங்கே இருக்கிறது.

கவிதையில் ஹெல்மரின் பெயர் இல்லை. இறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசுகிறார்கள். கடைசிப் பத்தியில், எதிரியோடு சண்டையைத் தொடரும்படி உயிரோடிருப்பவர்களை ஏவுகிறார்கள். இந்தப் பத்தி எனக்கு எப்போதும் உறுத்தும். நண்பனைப் புதைத்த கையோடு எழுதியவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான். ஆனால் அரசாங்கத்துக்குப் பிடித்ததே அந்தப் பத்தி. 1917இல் போர்க் கடன் பத்திரம் விற்க இந்தக் கவிதையைப் போஸ்டரில் ஏற்றினார்கள்.

அதே 1917இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. மாண்ட்ரியல் கொதித்தது. இது பிரிட்டனின் சண்டை, எங்கள் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும் என்று பிரெஞ்சு பேசும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த மக்களுக்கு நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்த மெக்ரேவோ, அந்தச் சட்டத்தை முன்வைத்து நடந்த டிசம்பர் தேர்தலில் தன் ஓட்டு ஒரு பிரெஞ்சுக் கனடியனைக் குத்தியிருக்கும் என்று நம்புவதாகக் கடிதம் எழுதினார். நண்பனுக்காக உருகிய அதே மனிதர்தான். 1918 ஜனவரி 28 அன்று பிரான்சில் நிமோனியா அவரைக் கொண்டுபோனது.

கவிதை மட்டும் இரண்டு தரப்பையும் தாண்டிப் பிழைத்துக்கொண்டது. கியூபெக்கின் பிரெஞ்சு மக்கள் உயிரையே வைத்திருக்கும் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் ஹாக்கி அணியின் வீரர்கள் உடை மாற்றும் அறையில், அந்தக் கடைசிப் பத்தியின் வரிகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டிருக்கின்றன. எதிரியை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

ஹெல்மரின் கல்லறை அடுத்தடுத்த சண்டைகளில் தொலைந்துபோனது. ஈப்பரில் 1927இல் திறந்த மெனின் வாயில் நினைவுச் சின்னத்தில், கல்லறை தெரியாத 54,000க்கும் அதிகமானவர்களில் ஒருவராக அவர் பெயர் பொறித்திருக்கிறது. அதே சுவர்களில் 400க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. ஏப்ரல் 26 அன்று அதே களத்தில் விக்டோரியா கிராஸ் வென்று, உயிரோடு திரும்பிய மீர் தஸ்த்தை அடுத்த வாரம் பார்ப்போம்.