கேடி

‘அவன் சரியான கேடிப்பயல்லா’ என்று திருநெல்வேலியில் சொன்னால் விளக்கம் வேண்டாம். கேடு என்பதிலிருந்து பிறந்ததுபோல் ஒலித்தாலும், இது காவல் நிலையப் பதிவேட்டுச் சொல். ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது போலீசுக்குத் தெரிந்த கொள்ளைக்காரன், சுருக்கமாக கே.டி.

இணையத்திலும் கேடி லிஸ்ட் உண்டு. ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளை 1997இல் பட்டியலிட்டவர் பால் விக்சி. ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால், பாளையங்கோட்டையில் ஒருவர் கணினியில் வைரஸ் புகுந்தால் இத்தகைய பட்டியலைப் பார்க்கும் தளம் அடுத்த தெருக்காரருக்கும் திறக்காது. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நியாயமும் இதுதான்: சிலர் செய்ததற்குச் சாதியே கைரேகை வைத்தது. நெல்லைச் சீமை மறவர்களும் தப்பவில்லை.

வீட்டு இணைப்பில் திறக்காத தளம் செல்போன் டேட்டாவில் திறந்தால், சந்தேகம் வீட்டு ஐ.பி. முகவரி மேல்தான். ரௌட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் புது முகவரி கிடைக்கும். இல்லையென்றால், இணைப்பு தரும் நிறுவனத்திடம் தனி முகவரி கேட்க வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம்.