சுயாதீனமும் சுதந்தரமும்: கிறித்தவ விடுதலைக் கருத்தும் வாக்குரிமையும் – பட்னி விவாதத்தை (1647) முன்வைத்து

தமிழ் விவிலியத்தைப் பயிலத் தொடங்கும் இன்றைய வாசகர் 'சுதந்தரம்' என்னும் சொல்லைக் காணுமிடத்துச் சற்றே தடுமாறுவர். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலில் இச்சொல் அரசியல் விடுதலையைக் குறிப்பதன்று. தந்தையின் உடைமையில் மகனுக்குரிய பங்கையே அது குறிக்கிறது. சாந்தகுணமுள்ளோர் பூமியைச் 'சுதந்தரித்து'க் கொள்வர். இறைவனின் பிள்ளைகள் 'சுதந்தரர்' ஆவர். அடிமை நிலைக்கு எதிரான நிலையைக் குறிக்கக் கலாத்தியர் நிருபத்தில் 'சுயாதீனம்' என்ற வேறொரு சொல் ஆளப்படுகிறது. யோவான் நற்செய்தியில் வழங்குவதோ 'விடுதலை'. உடைமைப் பங்கு என்னும் பொருள் மொழிபெயர்ப்பாளர் புதிதாகப் படைத்ததும் அன்று. மிராசுதாரும் ஊர்ப்பணியாளரும் விளைச்சலில் வழிவழியாகப் பெற்றுவந்த பங்கு 'சுதந்திரம்' என்றே தமிழகத்து வருவாய் ஆவணங்களில் வழங்கியது. தேசிய இயக்கக் காலத்தில்தான் இச்சொல் உடைமையிலிருந்து விலகி நாட்டின் விடுதலையைச் சுட்டுவதாக நிலைபெற்றது.

தன்வயப்பட்டிருத்தல் ஒன்று, பரம்பரைப் பங்குடைமை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே சொல்லுக்குள் புகுந்துகொண்டது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் எனக் கொள்வதற்கில்லை. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார் வாக்களிக்கலாம் என்ற வினா எழுந்தபோது, ஒரே விவிலியத்தைக் கையில் வைத்திருந்த இரு தரப்பினர் இவ்விரு பொருள்களின் அடிப்படையிலேயே பிரிந்து நின்றனர். அப்பிரிவினையில் கிறித்தவ விடுதலைக் கருத்து எப்பக்கம் நின்றது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

லூத்தரும் உழவரும்

பவுலின் நிருபங்களில் விடுதலை என்பது பாவத்தினின்றும் நியாயப்பிரமாணத்தின் சுமையினின்றும் பெறும் விடுதலையாகும். அடிமையாய் இருப்பவனும் கிறித்துவுக்குள் தன்னுரிமை பெற்றவனே. எசமானனும் கிறித்துவின் அடிமையே. புறநிலை மாறாமலே அகநிலை மாறுகிறது என்பது இதன் சாரம். மார்ட்டின் லூத்தர் 1520இல் வெளியிட்ட 'கிறித்தவனின் விடுதலை' என்னும் நூல் இக்கருத்தை ஒரு முரண்வழக்காக விரித்துரைக்கிறது. விசுவாசத்தால் கிறித்தவன் எவர்க்கும் ஆட்படாத தலைவன். அன்பால் அவனே எல்லார்க்கும் ஆட்பட்ட ஊழியன். சிறையோ நோயோ வறுமையோ ஆன்மாவின் விடுதலையைத் தொடுவதில்லை என்பது லூத்தரின் துணிபு.

ஐந்தே ஆண்டுகளில் இத்துணிபு சோதனைக்குள்ளானது. 1525இல் தென்ஜெர்மனியின் மெம்மிங்கன் நகரில் உழவர்கள் வகுத்த 'பன்னிரண்டு கோரிக்கைகள்' கிறித்துவின் இரத்தத்தால் மீட்கப்பட்டோரைப் பண்ணையடிமைகளாக வைத்திருத்தல் தகாது என மூன்றாம் கோரிக்கையில் வாதிட்டன. லூத்தர் இதனை மறுத்தார். ஆபிரகாமும் அடிமைகளை உடையவராயிருந்தார் எனச் சுட்டி, உழவர்கள் ஆன்மாவுக்குரிய விடுதலையை உடலுக்குரியதாக ஆக்குகின்றனர் எனக் கடிந்தார். மே 15 அன்று பிராங்கன்ஹௌசனில் உழவர் படை சிதறியது. உழவர் போர் முழுவதிலும் மாண்டோரின் தொகை ஒரு இலட்சம் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு.

மூன்றாம் கோரிக்கை பற்றி மிகுதியாகப் பேசிய ஆய்வுகள் முதற்கோரிக்கையின்பால் அத்துணைக் கவனம் செலுத்தவில்லை. ஊர்ச்சபை தன் போதகரைத் தானே தேர்ந்தெடுக்கவும், தகாதவரை நீக்கவும் உரிமை வேண்டும் என்பதே அது. அடிமைத்தளையை நீக்குமாறு கேட்பதற்கு முன்பே உழவர் தேர்வுரிமையைக் கேட்டனர் என்பது கருதத்தக்கது. தேர்தல் என்னும் நடைமுறை திருச்சபையின் பழைய நினைவுகளிலும் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டுப்போட்டு எடுக்கப்பட்டார். பந்திவிசாரணைக்கு எழுவரைச் சபையாரே தெரிந்துகொண்டனர். (சீட்டுமுறை தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலையும் வாக்கெடுப்பு அன்று, சீட்டெடுப்பே. அங்கும் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையார்க்கே ஓலையில் பெயர் எழுதப்பெற்றது.)

பட்னி

இங்கிலாந்தில் முதலாம் சார்லசை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையில் 'சுயாதீனச் சபையார்' மிகுதி. அரசனோ ஆயரோ நியமிக்காமல், விசுவாசிகள் தம்முள் உடன்படிக்கை செய்து சபையாகக் கூடிப் போதகரையும் தாமே தேர்வர் என்பது அவர்தம் கொள்கை. மனமுவந்த இசைவின்றி எவரும் எவர்க்கும் ஆட்படுவதில்லை என்பதை அவர்கள் ஞாயிறுதோறும் நடைமுறையில் கண்டனர். போரில் வென்ற இப்படை, நாட்டின் அரசமைப்பு இனி எவ்வாறு அமைய வேண்டும் என 1647 அக்டோபர் 28 அன்று இலண்டனுக்கு அருகே பட்னியில் உள்ள தூய மரியாள் ஆலயத்தில் கூடி விவாதிக்கத் தொடங்கியது. படைச் செயலர் வில்லியம் கிளார்க் சுருக்கெழுத்தில் எடுத்த குறிப்புகளின்வழி இவ்விவாதம் நமக்குக் கிடைக்கிறது. இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அறியப்படாதிருந்த அக்குறிப்புகளைச் சி.எச். ஃபர்த் 1891இல் பதிப்பித்தார்.

லெவலர் இயக்கத்தாரின் 'மக்கள் உடன்படிக்கை' என்னும் வரைவு அவைமுன் வைக்கப்பட்டது. குடிகளின் எண்ணிக்கைக்கேற்ப நாடாளுமன்ற இடங்கள் பகிரப்படவேண்டும் என அது கோரியது. சமயத்திலும் கட்டாயப் படைச்சேர்ப்பிலும் நாடாளுமன்றம் தலையிடலாகாது என்றும் அது வரையறுத்தது. 1430ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத் தேர்தல்களில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருவாய் தரும் நிலமுடையார்க்கே வாக்கு இருந்தது. அக்டோபர் 29 அன்று காலை வழிபாடு முடிந்தபின் நிகழ்ந்த வாதம் இந்நிலத்தகுதியையே சுற்றிச் சுழன்றது.

கிராம்வெல்லின் மருமகனான ஹென்றி அயர்ட்டன் நிலத்தகுதியைக் காக்க வாதிட்டார். நாட்டில் பிறந்தவனுக்குக் காற்றும் இருக்க இடமும் நடக்க வழியும் பிறப்புரிமை. ஆளுவோரைத் தேர்வதற்கோ நாட்டில் நிலையான உடைமை வேண்டும் என்பது அவர் நிலை. இயற்கையுரிமை என ஒன்றைச் சொல்லி வாக்குக் கேட்பவன் நாளை அதே உரிமையால் அடுத்தவன் நிலத்தையும் கேட்பான் என அவர் அஞ்சினார். அயர்ட்டனை ஆன்மிக உணர்வற்ற நிலவுடைமையாளராகக் காட்டும் போக்கு சில நூல்களில் உண்டு, அது பொருந்தாது. அவரும் மனச்சாட்சியின் விடுதலைக்காகப் போரிட்டவரே. ஆன்மாவின் விடுதலையை அவர் ஐயுறவில்லை. அதிலிருந்து வாக்கு விளையும் என்பதையே ஏற்கவில்லை. இந்த அளவில் அவர் லூத்தரின் வழிவந்தவர் எனலாம்.

எதிர்நின்றவர் கர்னல் தாமஸ் ரெயின்பரோ. எளியவனுக்கும் வாழவேண்டிய வாழ்வு ஒன்று உண்டு. தன் இசைவினால் தன்னைக் கீழ்ப்படுத்தாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்பது அவர் வாதம். ஒரு பிரபு இருபது உறுப்பினரையும் கனவான் இருவரையும் தேர்ந்தெடுக்க, ஏழை ஒருவரையும் தேர்ந்தெடுக்கலாகாது என்று இறைச்சட்டத்தில் எங்கும் காணவில்லை என அவர் எள்ளினார். உடைமை அழியும் என்ற அச்சத்துக்கும் அவர் விவிலியத்திலிருந்தே விடையிறுத்தார்: களவு செய்யாதிருக்கக் கட்டளை இருக்க, உடைமைக்குக் காவல் அதுவன்றோ?

இவ்விடத்தில் அயர்ட்டன் தந்தை தாயைக் கனம்பண்ணும் ஐந்தாம் கட்டளையை எடுத்தாண்டார். அது பெற்றோரை மட்டுமன்றி ஆளுவோர் அனைவரையும் குறிக்கும் என்பது அக்காலப் பொதுவிளக்கம். ரெயின்பரோ அவ்விளக்கத்தை மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டே அதனைத் திருப்பினார். எவர் தந்தை, எவர் தாய் என அறிந்தாலன்றிக் கனம்பண்ணுவது எங்ஙனம்? தம் அரசியல் தந்தை தாயரைத் தேர்வதில் குரலில்லாத மக்களை அக்கட்டளை கட்டுப்படுத்தாது என்றார் அவர். பெற்றோரைப் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தல் என்னும் இவ்விந்தைக் கருத்து இயற்கைக்கு மாறானது. ஆயினும் போதகராகிய தந்தையைச் சபைப்பிள்ளைகளே தேர்ந்தெடுத்துப் பழகியிருந்தோரின் செவிக்கு அது விந்தையாகப் பட்டிராது. பட்னியில் கலாத்தியர் நிருபத்துச் சுயாதீனம் வாக்குரிமைக்கு நேர்ச்சான்றாக நிற்கவில்லை. சபையைக் கூட்டிய அனுபவமே நின்றது.

எட்வர்ட் செக்ஸ்பி என்னும் படைவீரர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். உயிரைப் பணயம் வைத்தது பிறப்புரிமைக்காக. நிலமில்லாதவனுக்கு அவ்வுரிமை இல்லையெனில் வீரர்கள் ஏமாற்றப்பட்டவர்களே என்றார். சுதந்தரம் என்பது நிலத்தில் வரும் பங்கு என்றார் அயர்ட்டன். பிறப்பிலேயே வரும் பங்கு என்றார் செக்ஸ்பி. தமிழ் விவிலியத்தின் பழஞ்சொல் இருவர்க்கும் பொருந்துவதே.

பிறர்க்குட்பட்டோர்

அன்றைய வாதத்தில் ஓரிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. வாக்கிலிருந்து யாரை விலக்கலாம் என வினவியபோது, லெவலர் தரப்பின் மாக்சிமிலியன் பெட்டி தொழில்பழகுநரையும் வேலையாட்களையும் பிச்சை பெறுவோரையும் விலக்க இசைந்தார். அவர் காட்டிய காரணம், இவர்கள் பிறர் விருப்பத்தைச் சார்ந்து வாழ்வோர், அவர்களை வருத்தமுறச் செய்ய அஞ்சுவோர் என்பதாகும். 1649 மே மாதத்து இறுதி உடன்படிக்கையும் 21 அகவை நிரம்பிய ஆடவர்க்கு வாக்களித்து, வேலையாட்களையும் உதவி பெறுவோரையும் ஒதுக்கியது. கூலிக்காரர் அனைவரும் இவ்விலக்கில் அடங்குவர் என 1962இல் சி.பி. மாக்பர்சன் வாதிட, பின்வந்தோர் பலர் அதனை மறுத்தனர். வீட்டில் தங்கி ஊழியம் செய்வோரை மட்டுமே அது குறிக்கும் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எவ்வாறாயினும் இங்கே இரு விடுதலைகளும் நேர்எதிராகின்றன. பவுலும் லூத்தரும் கூறும் விடுதலைக்குப் பிறரைச் சார்ந்திருத்தல் தடையன்று. அடிமையின் ஆன்மாவே அதற்கு முதற்சான்று. வாக்குக்குரிய விடுதலைக்கோ அச்சார்பே தடை. எசமானனின் சோற்றை உண்பவன் மனம் அவனுடையதன்று என அது கருதுகிறது. நற்செய்தி முதலில் அழைத்த ஏழையும் ஊழியனும் வாக்குப்பட்டியலில் கடைசியாக இடம்பெற்றதன் காரணம் நிலக்கிழாரின் தன்னலம் மட்டுமன்று. சமத்துவம் பேசியோரும் நன்னெஞ்சத்தோடு இக்காரணத்தை ஏற்றனர்.

பட்னிக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறின் போதும். நவம்பர் 15 அன்று வேர் நகரருகே கிளர்ந்த படைப்பிரிவுகள் அடக்கப்பட்டன. ரெயின்பரோ மறு ஆண்டு அக்டோபர் 29 அன்று, அதாவது அவ்விவாதம் நிகழ்ந்து சரியாக ஓராண்டில், டான்காஸ்டரில் அரசர் தரப்பினரால் கொல்லப்பட்டார். லெவலர் கோரிய வாக்கு கிட்டவில்லை.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு தகுதி நடைமுறையிலிருந்தது. மாசசூசெட்சுக் குடியேற்றத்தில் 1631 முதல் திருச்சபை உறுப்பினர்க்கே வாக்குரிமையுடைய குடிமகனாகும் தகுதி வழங்கப்பட்டது. இங்கே ஆன்ம விடுதலை வாக்குக்கு வாயிலாயிற்று. ஆனால் துணை ஆளுநர் ஜான் வின்திராப் 1645இல் ஆற்றிய உரையில், நல்லதைச் செய்யும் விடுதலையே குடிமை விடுதலை. மனைவி கணவனுக்கும் சபை கிறித்துவுக்கும் அடங்குவதுபோல் அது அதிகாரத்துக்கு அடங்கியது என விளக்கினார். தேர்ந்தெடுத்தபின் அடங்கு என்பதே அதன் உட்கிடை. சபை உறுப்பினர்க்கே வாக்கு என்னும் விதி 1664இல் தளர்த்தப்பட்டது.

இலண்டனில் 1649 மே மாதம் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். சிறையிலிருந்த லெவலர் தலைவர்களுக்காக அதற்கு முந்தைய மாதம் மன்றாட வந்த பெண்களை வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுமாறு கூறி அனுப்பியிருந்தனர். மறுபடி வந்தவர்கள் தம் உரிமையின் அடிப்படையையே எடுத்துரைத்தனர்: இறைச்சாயலில் படைக்கப்பட்டமையாலும் கிறித்துவில் ஆடவரோடு ஒத்த பங்குடைமையாலும் இந்நாட்டின் விடுதலைகளிலும் தமக்குரிய பங்கு உண்டு. ஆன்ம விடுதலையிலிருந்து அரசியல் விடுதலைக்கு இத்துணை நேராகப் பாலமிட்ட வாதம் பட்னியில் எந்த ஆடவர் வாயிலும் எழவில்லை. அப்பெண்களும் வாக்குக் கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே அன்று எவர்க்கும் தோன்றியிராது.

சீட்டும் பெட்டியும்

பெட்டியின் காரணத்துக்கு விடை இறையியலிலிருந்து வரவில்லை. 1872இல் பிரித்தானியாவில் இரகசிய வாக்குச்சீட்டு சட்டமாயிற்று. எசமானனுக்கு அஞ்சுபவனை விலக்குவதற்கு மாறாக, அஞ்சுபவனின் கையை எசமானன் காணாதபடி மறைத்தால் போதும் என்பது அதன் ஏற்பாடு. 1918ஆம் ஆண்டுச் சட்டம் 21 அகவை நிரம்பிய ஆடவர்க்குப் பொதுவாக வாக்களித்தபோது, ஏழையர் உதவி பெறுவோர்க்கிருந்த விலக்கையும் நீக்கியது. பெண்கள் ஆடவரோடு ஒத்த நிலையில் வாக்குப் பெற 1928 வரை காத்திருந்தனர்.

இந்தியாவில் 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை வாக்குக்குத் தகுதியாக்கியது. கிறித்தவர்க்குத் தனி வாக்காளர் தொகுதிகளையும் அளித்தது. அரசமைப்பு அவையின் துணைத்தலைவரும் வங்கக் கிறித்தவருமான எச்.சி. முகர்ஜி போன்றோர் சமய அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் கைவிட 1949இல் இசைந்தனர். 326ஆம் உறுப்பு சொத்தோ எழுத்தறிவோ சமயமோ கேளாமல் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது. ஆயினும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது. அவ்வரையறை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் தளர்த்தப்பட்டது. இதன்படி கிறித்தவத்தைத் தழுவிய தலித் ஒருவர் தம் ஊர் தனித்தொகுதியாயின் அங்கு வாக்களிக்கலாம்; அத்தொகுதியில் வேட்பாளராக நிற்க இயலாது. மாசசூசெட்சில் சபை உறுப்பினராதல் ஒருவரைத் தேர்தலுக்குள் கொண்டுவந்தது. இங்கு ஞானஸ்நானம் தேர்தலின் ஒரு பாதியை, தேர்ந்தெடுக்கப்படும் பாதியை, அவருக்கு அடைத்துவிடுகிறது.