விதி நூலும் ஆட்டக்காரரும்

சதுரங்கத்தில் குதிரை பாயும் முறையை எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. ஆனால் விதி நூலையே ஒரு நிறுவனம் அச்சிட்டு விற்கும் விளையாட்டுகளும் உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'.

அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார்; மற்றவர்கள் வீரன், மந்திரவாதி போன்ற பாத்திரங்களை ஏற்பர். செயல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அதன் அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தத் திறந்த உரிமம் அளிக்கப்பட்டது. 2008-இல் வந்த நான்காம் பதிப்போ விதிகளைப் பெரிதும் மாற்றியது. பலர் மனம் கசந்தனர்.

பழைய நூலை யாரும் பறிக்கவில்லையே, பின் ஏன் கசப்பு? இது தனியே ஆடும் ஆட்டமன்று. புதிதாக வருவோர் புதிய விதிகளையே கற்பர். பழைய நூலுக்குத் துணைநூல்களும் நின்றுவிடும். நாளடைவில் உடன் ஆட ஆள் கிடைப்பது அரிதாகும்.

பைசோ என்னும் நிறுவனம் அவ்வுரிமத்தின் துணையால் பழைய விதிகளைத் திருத்தி, 2009-இல் 'பாத்ஃபைண்டர்' என வெளியிட்டது. பழைய விதிகளை விரும்பிய பலர் அதன்பால் சென்றனர்.

இதன்பின் ஐந்தாம் பதிப்பின் வரைவு 2012-இல் ஆட்டக்காரரிடமே சோதனைக்கு விடப்பட்டது, 2014-இல் நூலாயிற்று. 2023-இல் உரிமத்தை இறுக்க எடுத்த முயற்சியும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. விதியை எழுதுவோர் சிலர்; அதற்கு உயிரூட்டுவோர் பலர் அல்லவா?