கண் ஆஸ்பத்திரியும் ஊராரும்

மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அந்த ஊருக்கு வெளியே முதன்முதலில் கிளை திறந்தது தேனியில். 1980களின் நடுப்பகுதி அது. தேனி அப்போது மாவட்டத் தலைநகர்கூட இல்லை. மாவட்டம் பிறந்ததே 1996இல்தான். நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமியின் தங்கை கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி இந்த மண்ணுக்காரர். அவர் பிறந்தது அம்பாசமுத்திரம். தாமிரபரணிக் கரையிலுள்ள ஊரை நினைத்துவிட வேண்டாம். இது நம் தேனிக்குப் பக்கத்து அம்பாசமுத்திரம்.

மருத்துவமனையின் வரலாறு என்றால் கட்டடம், படுக்கை, டாக்டர்கள் என்றுதான் எழுதுவது வழக்கம். அரவிந்தின் வரலாற்றை அப்படி எழுதினால் பாதிதான் வரும். மறு பாதி கண் முகாம்களில் இருக்கிறது, அது ஊராருடையது.

டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே ஊர் ஊராய் முகாம் நடத்தியவர். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பிறகும் அறுவை சிகிச்சை செய்யப் பழகிக்கொண்டவர். 58 வயதில் ஓய்வு பெற்று அரவிந்தைத் தொடங்கியபோது, தனக்குத் தெரிந்த வேலையை வேகப்படுத்தும் வழியைத்தான் முதலில் யோசித்தார். ஒரு மேசையில் புரை எடுத்து முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். பணம் கொடுக்க முடிந்தவரின் கட்டணத்தில், முடியாதவருக்கு இலவச சிகிச்சை. கிராமத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்ததால், பரிசோதனையில் பெரும்பகுதியை அவர்களே பார்த்தார்கள். டாக்டரின் நேரம் அறுவை சிகிச்சைக்கு மிஞ்சியது.

ஆனால் ஆளை மேசை வரைக்கும் கூட்டி வருவது யார்? அங்கேதான் வேலைப் பங்கீடு வருகிறது. டாக்டர், மருந்து, ஆபரேஷன் எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாய்ச் சொல்வது, வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பது, இவையெல்லாம் முகாம் நடத்துகிறவர் பொறுப்பு. அரிமா சங்கம், ரோட்டரி, கோவில் கமிட்டி, கடைக்காரர், வாத்தியார் என்று யாரும் முன்வரலாம். கண்ணில் பூ விழுந்த கிழவியிடம் “ஆத்தா, பயப்படாத, நானும் கூட வர்றேன்” என்று சொல்ல, எத்தனை பட்டம் வாங்கிய டாக்டரை விடவும் பக்கத்து வீட்டுக்காரரே தகுதியானவர். இந்தப் பங்கீட்டை உணர்ந்து, ஊராரிடம் வேலையை ஒப்படைத்ததுதான் அரவிந்தின் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பது என் எண்ணம்.

அதற்காக முகாம் எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று இந்த மலரில் எழுதிவிட முடியாது. முகாம் நடக்கும் கிராமங்களிலேயே கண் குறையுள்ள 100 பேரில் ஏறக்குறைய 7 பேர்தான் அதற்கு வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வு செய்தவர்களில் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆபரேஷன் பயம், செலவு, வீட்டைப் பார்க்க ஆளில்லாமை, ‘இருக்கிற பார்வையே போதும்’ என்ற சமாளிப்பு, இவைதான் மற்றவர்களை வீட்டிலேயே நிறுத்தின. தன் வேலையின் குறையைத் தானே அளந்து வெளியிடும் நிறுவனங்கள் குறைவு. அந்த ஓர் ஆய்வுக்காகவே அரவிந்தைத் தனியாகப் பாராட்டலாம்.

அதன் பின்விளைவும் நம் தேனி வட்டாரத்தில்தான் முதலில் தெரிந்தது. எப்போதாவது வரும் முகாமை நம்பி இருக்காமல், எப்போதும் திறந்திருக்கும் பார்வை மையங்கள் வைத்தார்கள். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பரிசோதிப்பார், தேனி மருத்துவமனையிலிருந்து டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். அதற்கு வேகமான இணைப்பு வேண்டும். அன்றைய கிராமங்களில் அது கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒரு வீட்டுக்குள் ஓடும் வைஃபையை மாற்றியமைத்து, கோபுரங்களில் ஆன்டெனா கட்டி, மைல் கணக்கில் அனுப்பினார்கள். தேனியிலிருந்து ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம், அம்பாசமுத்திரம் ஆகிய ஐந்து மையங்கள் இணைந்தன. மிக நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர்.

தொல்லை கொடுத்தது வானலை இல்லை, நம் கரண்ட். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கருக்கியது. ஒவ்வொரு தடவையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியுமா? இங்குள்ள ஊழியர்களே பழுது பார்க்கக் கற்று, கடைசியில் வலையமைப்பு முழுவதையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த அனுபவத்தை எழுதினார்கள்.

டாக்டர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. டாக்டர் நம்பெருமாள்சாமியை 2010இல் ‘டைம்’ இதழ் உலகின் செல்வாக்குள்ள 100 பேரில் ஒருவராக எண்ணியது. முகாமுக்கு நோட்டீஸ் அடித்தவர்கள், மைக் பிடித்தவர்கள், பாட்டிகளை பஸ் ஏற்றிவிட்டவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தேனி அல்லிநகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படி முகாம் நடத்தியவர்களின் வீடுகளில் பழைய நோட்டீஸோ புகைப்படமோ இருக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஆண்டையும் இடத்தையும் பின்பக்கம் எழுதி மலர்க் குழுவிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்கள் வரட்டும்.