கூனன் குரிசிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வரை

போன சனிக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. திறந்தால் வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பையன்கள். சால்ட் லேக் சிட்டியில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதில்லை. மார்மன் சபை ஊழியர்கள். (2018-லிருந்து அவர்கள் தலைமையே இந்தப் பெயரைத் தவிர்க்கச் சொல்கிறது. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று முழுப்பெயர் சொல்வதுதான் மரியாதை. நீளம் கருதி இங்கே மார்மன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.) வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஜூஸ் கொடுத்து அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் மகள் கேட்டாள்: "அப்பா, இவங்களும் கிறிஸ்டியன்ஸ்தானே?"

அவர்களைக் கேட்டால் 'ஆமாம்' என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இவாஞ்சலிக்கல் சபைக்காரர். அவரைக் கேட்டால் 'இல்லை' என்பார். மார்மன்களுக்கு பைபிளோடு 1830-ல் வெளிவந்த மார்மன் புத்தகமும் வேதம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி என்பது அவர்கள் போதனை. இவாஞ்சலிக்கல்காரர்களுக்கு இந்த இரண்டுமே ஒத்துக்கொள்ள முடியாதவை. நான் மகளிடம் ஏதோ மழுப்பினேன். அந்த மழுப்பல் எனக்கே பிடிக்கவில்லை. காரணம், இதே கேள்வியை வேறு ஊரில் வேறு இரண்டு கூட்டத்தாரைப் பற்றி நான் கேட்டிருக்கிறேன்.

2007-ல் வங்கி என்னை மட்டாஞ்சேரிக் கிளைக்குத் தூக்கிப் போட்டது. மிளகும் சுக்கும் ஏலமும் விற்கிறவர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். கடன் கோப்பைத் திறந்தாலே தும்மல் வரும். கொச்சங்காடியில் ஒரு மாடி அறை. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தாலே மதம் மாறிவிடும் (மனுஷன் இல்லை சார், தெரு!). செம்புத் தகடு வேய்ந்ததால் செம்பிட்டப்பள்ளி என்று பேர் வாங்கிய பழைய மசூதி அங்கேதான். 1344-ல் கட்டிய யூத ஜெபாலயம் ஒன்றும் கொச்சங்காடியில் இருந்தது. கட்டிடம் போய்விட்டது, அதன் கல்வெட்டை மட்டும் யூதத் தெருவின் பரதேசி சினகாக் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் ஒரு சேச்சி. பிறப்பால் சுரியானி கத்தோலிக்கர், கணவர் யாக்கோபாயர். 1985-ல் காதல் கல்யாணம். சேச்சி சபை மாற வேண்டியிருந்தது. அவர் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. சாகும்வரை மகள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லையாம். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சுரியானிதானே சேச்சி? ரெண்டு பேரும் தோமா அப்போஸ்தலர் பேரைத்தானே சொல்றீங்க? அப்புறம் என்ன சண்டை?" என்றேன், பி.காம் படித்த அப்பாவித்தனத்தோடு.

"அது 1653-லே தொடங்கியது சாரே. இங்கேதான், நம்ம மட்டாஞ்சேரியிலே. கூனன் குரிசுப் பள்ளி பார்த்தில்லே?"

அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு வருஷக்கணக்காகப் படித்ததைத்தான் இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

போர்ச்சுக்கீசியர் வருவதற்கு முன் மலபார்க் கிறிஸ்தவர்களுக்கு ஆயர்கள் மெசபடோமியாவிலிருந்து வந்தார்கள். வழிபாடு சுரியானி மொழியில். உள்ளூர் நிர்வாகம் அர்க்கதியாக்கோன் என்ற தலைமைக் குருவின் கையில். வந்தவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனேசிஸ் 1599 ஜூனில் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குருமார், அதைவிடப் பல மடங்கு பொதுமக்கள். ஏழு நாள் நடந்தது. ஆனால் அது பேச்சுவார்த்தை இல்லை. தீர்மானங்கள் முன்கூட்டியே தயார். வங்கியில் நாங்கள் வாடிக்கையாளர் முன் நீட்டுவோமே, அச்சடித்த படிவம், 'இங்கே, இங்கே, அப்புறம் இங்கே' என்று… அந்த மாதிரி. சுரியானி நூல்கள் பல தவறானவை என்று அறிவிக்கப்பட்டன. சில திருத்தப்பட்டன, சில எரிக்கப்பட்டன. அவர்களுடைய குர்பானா, அதாவது திருப்பலி ஜெபமும் திருத்தத்துக்குத் தப்பவில்லை.

இதில் நம் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தச் சங்கத்தில் மெனேசிசுக்குத் துணை நின்ற சுரியானி அறிஞர் பிரான்சிஸ் ரோஸ் என்ற சேசு சபைக் குரு. பிற்பாடு சுரியானிகளுக்கே ஆயரானவர். மதுரையில் ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, பூணூல் போட்டு, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் பேசிப் பழகியபோது, 'இதெல்லாம் அடுக்குமா' என்று மற்றவர்கள் குதித்த காலத்தில், நொபிலி பக்கம் நின்றவரும் இதே ரோஸ்தான். மதுரையில் இந்துக்களின் வழக்கத்தை மதிக்கத் தெரிந்த மனிதருக்கு மலபாரில் சகக் கிறிஸ்தவரின் ஜெபத்தைத் திருத்தாமல் விட முடியவில்லை. தூரத்து வீட்டுக்காரரிடம் காட்டுகிற பொறுமையைப் பங்காளியிடம் காட்டுவது கஷ்டம் போலிருக்கிறது.

ஐம்பது வருஷம் புகைந்தது. 1652-ல் அகத்தல்லா என்ற மேற்காசிய ஆயர் மயிலாப்பூரில் வந்து இறங்கினார். ஆமாம், நம்ம மயிலாப்பூரேதான். சேசு சபையார் அவரைக் காவலில் வைத்தார்கள். தோமாவின் கல்லறையைத் தரிசிக்க வந்திருந்த மலபார்க்காரர்கள் அவரைச் சந்தித்து, அவர் கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவரைக் கோவாவுக்கு ஏற்றிச்சென்ற கப்பல் கொச்சியில் நின்றபோது, ஒரு முறை பார்க்க வேண்டும் என்று பெருங்கூட்டம் திரண்டது. அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் போனதும் அவரைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி பரவியது. அது உண்மையில்லை, உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார் என்பது பிற்கால ஆய்வு. ஆனால் அன்றைக்கு யார் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள்?

1653 ஜனவரி 3. அர்க்கதியாக்கோன் தோமா தலைமையில் மட்டாஞ்சேரியில் கூடினார்கள். சிலுவையில் கயிறு கட்டி, எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள் என்றும், இழுத்த இழுப்பில் சிலுவை வளைந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதனால்தான் கூனன் குரிசு. சுவாரசியம் என்னவென்றால், என்ன சத்தியம் செய்தார்கள் என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. 'பேராயர் கார்சியாவுக்கும் சேசு சபைக்கும் கட்டுப்பட மாட்டோம் என்றுதான், ரோமுக்கு எதிராக இல்லை' என்பது கத்தோலிக்கர் தரப்பு. 'அந்நிய ஆதிக்கமே வேண்டாம் என்றோம், அதில் ரோமும் அடக்கம்' என்பது மறுதரப்பு. ஒரே ஆவணத்துக்கு இரண்டு வாசிப்பு. வங்கி வக்கீல்களுக்குப் பழக்கமான விஷயம்!

அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருமார் கைவைத்து தோமாவை ஆயராக்கினார்கள். ரோம் கார்மலைட் துறவிகளை அனுப்பியது. தோமாவுக்கு ஆலோசகர்களாக இருந்த நால்வரில் ஒருவர், உறவினரும்கூட, பறம்பில் சாண்டி. அவரையே 1663-ல் கத்தோலிக்க ஆயராக அபிஷேகம் செய்தார்கள். ஒரே குடும்பம், இரண்டு செங்கோல். கத்தோலிக்கர் பழையகூறு, தோமா பக்கம் புத்தன்கூறு. 1665-ல் வந்த மார் கிரிகோரியோஸ் வழியாகப் புத்தன்கூறு அந்தியோக்கியா சபையோடு சேர்ந்தது. அதோடு, 451-ல் கால்சிடோன் சங்கம் எழுப்பிய பழைய தகராறும் இறக்குமதி ஆனது: கிறிஸ்துவில் தெய்வம், மனிதம் என்ற இரு இயல்புகளா, ஒன்றிணைந்த ஒரே இயல்பா? பிரிந்த நாளில் மலபாரில் யாரும் இதற்காகச் சண்டை போடவில்லை. சண்டை முன்னால், சித்தாந்தம் பின்னால்.

சமாதானத்துக்கு முயன்றவர்களும் உண்டு. ஆறாம் மார்த்தோமா ரோமோடு சேர விரும்பியதை எடுத்துச் சொல்ல கரியாட்டில் மல்பானும் பாறேம்மாக்கல் தோமா கத்தனாரும் 1778-ல் புறப்பட்டார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை வழியாகச் சென்னை வந்து கப்பலேறி, பிரேசிலைச் சுற்றி, லிஸ்பன், ரோம் என்று எட்டு வருஷப் பயணம். கரியாட்டில் பேராயராகத் திரும்பியவர், ஊர் சேராமலே 1786-ல் கோவாவில் இறந்துபோனார். பாறேம்மாக்கல் எழுதிய 'வர்த்தமானப் புஸ்தகம்' இந்திய மொழிகளில் முதல் பயண நூலாகக் கருதப்படுகிறது.

இனி என் துறை. 1808-ல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மக்காலே காலத்தில் புத்தன்கூறு சபையின் பேரில் 3000 பூவராகன், அதாவது 10,500 ரூபாய், கம்பெனியிடம் நிரந்தர டெபாசிட் போடப்பட்டது. வட்டி 8 சதவீதம். ஆண்டுக்கு 840 ரூபாய். இதற்குப் பேரே 'வட்டிப்பணம்'. அந்தச் சபைக்குள்ளேயே 1912 வாக்கில் பிளவு வந்தபோது, 'வட்டியை யார் கையில் கொடுப்பது?' என்று அரசுக்கே குழப்பம். 1913-ல் தொடங்கிய வட்டிப்பண வழக்கு 1928 வரை இழுத்தது. யாக்கோபாயர், ஆர்த்தடாக்ஸ் என்று இன்று சொல்லப்படும் இந்த இரு தரப்புக்கும் விசுவாசப் பிரமாணம் ஒன்று, குர்பானா ஒன்று, உடுப்புகூட ஒன்று. ஆனாலும் உச்சநீதிமன்றம் 1958, 1995, 2017 என்று திரும்பத் திரும்பத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நம்பிக்கையில் வித்தியாசமே இல்லாதவர்கள் நீதிமன்றத்தில். நம்பிக்கையில் வித்தியாசம் உள்ளவர்களோ மேசையில். இதைப் படித்த பிறகுதான் 'கொள்கை வேறுபாடு' என்ற வார்த்தையைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகினேன்.

ஆம், மேசை. 1971-ல் வியன்னாவில் கத்தோலிக்க இறையியலாளர்களும் கிழக்கத்தியச் சபையினரும் அதிகாரப் பூர்வமில்லாமல் உட்கார்ந்து பேசினார்கள். அதே ஆண்டு போப் ஆறாம் பவுலும் அந்தியோக்கியப் பாத்திரியார்க்கீசும் கூட்டறிக்கை விட்டார்கள். 1984-ல் இன்னொன்று. 1986-ல் இரண்டாம் ஜான் பால் கேரளத்துக்கே வந்தார். 1989 அக்டோபரில் கோட்டயத்தில் கத்தோலிக்க, மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைகளின் கூட்டுக் குழு கூடியது. 1990 ஜூன் 3-ல் வெளியான அறிக்கையின் சாரம் இதுதான்: கிறிஸ்து முழுமையான தெய்வம், முழுமையான மனிதர், இதில் நமக்குள் பேதமில்லை, சொற்களில்தான் பேதம். பதினைந்து நூற்றாண்டுச் சண்டை ஒரு சில பக்கங்களில்! ரோமின் அதிகாரம் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. அது இருக்கிறது என்பதை இரு தரப்பும் மறைக்கவும் இல்லை.

உதயம்பேரூருக்கும் கோட்டயத்துக்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் ஒருவர் எழுதி வந்தார், மற்றவர் கையெழுத்திட்டார். இரண்டாவதில் 'நீ என்ன நம்புகிறாய் என்று நீயே சொல்' என்று கேட்டு, இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

எனக்கு இதில் முக்கியமானது அடுத்தது. 1994 ஜனவரி 25-ல் கத்தோலிக்க சபைக்கும் யாக்கோபாய சபைக்கும் கலப்புத் திருமண ஒப்பந்தம். கல்யாணத்துக்காக யாரும் சபை மாற வேண்டியதில்லை; எந்தப் பள்ளியில் என்று மணமக்கள் கூடிப் பேசி முடிவு செய்யலாம்; அவரவர் சபையில் அவரவர் தொடரலாம். சேச்சியின் கல்யாணத்துக்கு ஒன்பது வருஷம் பிந்தி வந்தது. "எங்க அப்பா அப்போ இருந்தாரு சாரே. பேப்பர்லே படிச்சாரு. ஒண்ணும் சொல்லலே, பேப்பரை மடக்கி வச்சாரு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன வருஷம் சேச்சியின் மகள் கல்யாணப் பத்திரிகை வாட்ஸாப்பில் வந்தது. பெண் யாக்கோபாயர், மாப்பிள்ளை கத்தோலிக்கர். இரண்டு பள்ளிகளின் பேரும் அச்சாகியிருந்தன.

இந்த ஊரிலும் அப்படி ஒரு மேசை உண்டு. இவாஞ்சலிக்கல் பேராசிரியர் கிரெய்க் புளோம்பெர்க்கும் மார்மன் பேராசிரியர் ஸ்டீபன் ராபின்சனும் 1997-ல் சேர்ந்தே ஒரு புத்தகம் எழுதினார்கள். 2004 நவம்பர் 14 அன்று மார்மன்களின் டேபர்னக்கிள் மண்டபத்தில் பேச ஒரு இவாஞ்சலிக்கல் பிரசங்கியை அழைத்தார்கள். அவர் சென்னையில் பிறந்த ரவி சக்கரியாஸ். (2020-ல் அவர் இறந்தபின், அவருடைய அமைப்பே வைத்த விசாரணை பாலியல் முறைகேடுகளை உறுதி செய்து 2021-ல் அறிக்கை தந்தது. அதைச் சொல்லாமல் அவர் பெயரை எழுதுவது நேர்மையில்லை.) அன்று எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பேச்சு இல்லை. அதற்கு முன் புல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மௌ எழுந்து, உங்கள் நம்பிக்கையை நாங்கள் திரித்துச் சொல்லி உங்களுக்கு எதிராகப் பாவம் செய்திருக்கிறோம் என்று மார்மன்களிடம் மன்னிப்புக் கேட்டார். சொந்த ஆட்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் மார்மன் போதனையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, அதையும் மறைக்கவில்லை.

இதெல்லாம் ஏன் இப்போது? அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் மார்மன் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். மார்மன் ஆலயத்துக்குள் நடக்கும் திருமணச் சடங்கில் தகுதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே இருக்கலாம். மற்றபடி பெற்ற அப்பனானாலும் வெளியேதான். முன்பெல்லாம் இங்கே வெளியில் சிவில் கல்யாணம் செய்தால் ஆலயச் சடங்குக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அதனால் முதலில் தோட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கல்யாணம், பிறகு ஆலயம் என்று பிள்ளைகள் திட்டம். மகள் அந்தச் சபையிலேயே சேரப்போகிறாள் என்பதுதான் அவருக்கு முள். தோட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலியருகே நின்று சேச்சி கதை முழுவதையும் சொன்னேன். பேப்பரை மடக்கி வைத்த அப்பாவையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே இருந்தவர், "சத்தியத்திலிருந்து ஒப்பந்தம் வரை எத்தனை வருஷம்?" என்றார்.

"341" என்றேன்.

கொஞ்ச நேரம் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜூனில் கல்யாணம்" என்றார்.