மூன்று பவுன் வரியும் திருச்சபையின் மனச்சான்றும்

பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயர், முற்காலத்தில் மன்னர் அந்தணருக்கு வழங்கிய பிரமதேயம் என்னும் நிலக்கொடையை நினைவூட்டுவதாகும். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இப்பெயர் இன்றும் வழங்கி வருகிறது. நிலம் பெற்றோரின் நினைவு ஊர்ப்பெயரிலே நிலைத்தது. அந்நிலத்தை உழுதும் அதில் ஒரு சாண் உரிமையும் பெறாதோரின் வரலாறோ, கப்பல் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறது. இவ்வட்டாரம் அடங்கிய அன்றைய தென்னாற்காடு மாவட்டம், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்றாகும். அவர்தம் உரிமைக்காக எழுந்த வழக்கைத் திருச்சபை மறத்தலாகாது.

1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் சென்னையிலே கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். வெள்ளைக் குடியேற்றத்தாருக்கு இவர்களின் உழைப்பு வேண்டியிருந்தது. உழைப்பவர் அண்டை வீட்டாராக வாழ்வது மட்டும் வேண்டியதில்லை. ஆகவே 1895ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் தாயகம் திரும்பாமலும் அங்குத் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென விதித்தது. முதலாண்டுக் கூலியை அளவாகக் கொண்டால் இது ஆறு மாத வருமானம்! 1903இல் இவ்வரி பருவமடைந்த பிள்ளைகள்மீதும் சுமத்தப்பட்டது.

1894இல் தோன்றிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் விண்ணப்பம்மேல் விண்ணப்பம் அனுப்பியது. கோகலே 1910இல் இந்தியச் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, 1911இல் நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவது நின்றது. ஆயினும் வரி நீங்கவில்லை.

1913 மார்ச்சு மாதத்தில் மற்றோர் அடி விழுந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத இந்தியத் திருமணங்கள் சட்டப்படி செல்லா என்னும் கருத்துப்படக் கேப் மாகாண நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். இவ்விடத்தில் நாம் நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் ஆலயங்களில் ஆசியுடன் வழங்கப்படும் ஒரு சடங்கு, ஆயிரக்கணக்கான மனைவியரின் மதிப்பைப் பறிக்கும் கருவியாயிற்று.

பெண்கள் வெகுண்டெழுந்தனர். டிரான்சுவாலிலிருந்து சென்ற, பெரும்பாலும் தமிழரான பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். நவம்பர் 6ஆம் நாள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் காந்தியடிகளுடன் எல்லை கடந்து நடந்தனர். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22இல் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 16.

திருச்சபையினர் சிலர் இவ்வேளையில் வாய்மூடியிருக்கவில்லை. 1908இல் தாக்குண்ட காந்தியடிகளைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணியவர் ஜோகன்னஸ்பர்க் பாப்திஸ்துப் போதகர் ஜோசப் டோக். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் போராட்டத்தை ஆதரித்துப் பேசினார். சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1914 சனவரியில் டர்பனில் இறங்கியதும் காந்தியடிகளின் பாதம் தொட்டு வணங்கினார். வெள்ளையர் பலர் அதைக் கண்டு அருவருத்தனர். பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் துணைநின்றார். அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது, திருமணங்களுக்கு ஏற்பளித்தது.

எனினும் வெற்றி முழுமையானதன்று. வாக்குரிமை கிட்டவில்லை, மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் தடையும் நீங்கவில்லை. அதே 1913ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மக்களின் நிலவுரிமையைச் சுருக்கிய சட்டத்தை எதிர்க்கும் போராட்டமாக இது விரியவுமில்லை. தன் இனத்தின் துன்பத்தை உணர்ந்தவரும் அண்டை இனத்தின் துன்பத்தைக் காணத் தவறலாம் என்பதற்கு இது சான்று.

இன்று வடமாநிலத் தொழிலாளர் நம் ஊர்களில் கட்டடங்களையும் ஆலைகளையும் தம் உழைப்பால் நிறுத்துகின்றனர். அவர்களுக்கு உணவளிப்பது இரக்கம். அவர்தம் கூலியும் உறைவிடமும் சட்டத்தால் காக்கப்பட வழக்காடுவது நீதி. எகிப்தில் அந்நியராயிருந்ததை மறவாதிருக்க இஸ்ரவேலுக்குக் கற்பிக்கப்பட்டது. நேட்டாலில் அந்நியராயிருந்தோரின் வழிவந்த நாம் அதை மறக்கலாமோ?