படத்துள் கரந்த மடல்



பிறர் அறியலாகாத ஒரு செய்தியை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்கு அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. அதனைப் பெட்டியிலிட்டுப் பூட்டி அனுப்பலாம். அல்லது, செய்தி ஒன்று போகிறது என்பதே எவருக்கும் தோன்றாதபடி அனுப்பலாம். முதல் வழியைக் குறியீட்டெழுத்து என்றும், இரண்டாவதை மறைப்பெழுத்து என்றும் கூறலாம். பூட்டிய பெட்டியைக் கண்டவன், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாவிட்டாலும், ஏதோ இருக்கிறது என்பதை அறிந்துகொள்வான். அதைச் சுமந்து வந்தவனைப் பிடித்தும் வைத்துக்கொள்வான். இந்த வேறுபாடு நூலில் படிக்கும்போது சிறிதாகத் தோன்றலாம். நம் பினாங்கிலிருந்து புறப்பட்ட சில இளைஞர்களுக்கு அது உயிரோடு ஒட்டிய வேறுபாடாக இருந்தது. அவர்களைப் பற்றிக் கூறுமுன், இக்கலையின் பழைமையைச் சற்றே பார்த்துவிடுவோம்.

ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசனின் அவையில் தங்க வைக்கப்பட்டிருந்தார் இசுதியேயசு என்னும் கிரேக்கத் தலைவர். ஊரிலிருந்த தம் மருமகனைக் கலகத்திற்குத் தூண்ட விரும்பிய அவர், ஓர் அடிமையின் தலையை மழித்து, தோலின்மேல் செய்தியைப் பச்சை குத்தி, முடி வளரும்வரை காத்திருந்து அனுப்பினாராம். போய்ச் சேர்ந்தவன் சொல்ல வேண்டியது, "என் தலையை மழித்துப் பாருங்கள்" என்பது மட்டுமே. எரோடோட்டசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் இதனை எழுதி வைத்திருக்கிறார். அவசரச் செய்திக்கு ஏற்ற முறையன்று என்று நம் பிள்ளைகள் கூடச் சொல்லிவிடுவார்கள்!

இந்திய நாட்டிலும் ஒற்றர்கள் மறைவாக எழுதி அனுப்பும் முறைகளைக் கௌடில்யரின் அர்த்தசாத்திரம் பேசுகிறது. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆனால், இவற்றினும் நாம் பெருமையோடு நினைக்கத் தக்கது வேறொன்று. தமிழ் அணியிலக்கணத்தில் சித்திரகவி என்னும் பகுதியில் "கரந்துறை செய்யுள்" என ஒருவகை கூறப்பட்டுள்ளது. கரந்து உறைதல் என்றால் ஒளிந்து தங்குதல். ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் வேறொரு செய்யுள் ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு ஒரு பாட்டுத்தான் தெரியும். வழி அறிந்தவருக்கு இரண்டு தெரியும். "கூடசதுக்கம்" என்பது இன்னொரு வகை. நான்காம் அடியின் எழுத்துகள் எல்லாம் முதல் மூன்று அடிகளுக்குள் மறைந்து கிடக்கும். புலவர்கள் இவற்றைப் புலமை விளையாட்டாகவே பாடினார்கள், போருக்காக அன்று. எனினும், "வெளியே ஒன்று, உள்ளே ஒன்று" என்னும் கருத்து தமிழாசிரியர்களுக்குப் புதியதன்று என்பதற்கு இது நல்ல சான்று.

செருமனியில் திரித்தேமியசு என்ற துறவி 1499ஆம் ஆண்டளவில் மறைப்பெழுத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1606இல்தான் அச்சேறியது. மேலுக்கு ஆவிகளை ஏவிச் செய்தி அனுப்பும் மந்திர நூல் போலத் தோன்றும் அதன் மூன்றாம் பகுதிக்குள் வெறும் குறியீட்டெழுத்துத்தான் இருக்கிறது என்று 1990களில்தான் இருவர் தனித்தனியே கண்டு சொன்னார்கள். மறைப்பைப் பற்றிய நூலே ஐந்நூறு ஆண்டு மறைந்து கிடந்தது வேடிக்கை அல்லவா!

எலுமிச்சைச் சாற்றால் தாளில் எழுதினால் காய்ந்தபின் எழுத்துத் தெரியாது. சூடு காட்டினால் பழுப்பு நிறத்தில் தோன்றும். நம் வீடுகளில் பிள்ளைகள் செய்து பார்க்கும் இவ்விளையாட்டை நம்பி முதல் உலகப் போரில் ஒற்றர்கள் இலண்டனுக்குள் நுழைந்தார்கள். கார்ல் முல்லர் என்பவரிடம் பேனா முனை குத்திய எலுமிச்சம் பழம் ஒன்று அகப்பட்டது. அவர் 1915 சூன் மாதத்தில் இலண்டன் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்து மறைந்துதான் இருந்தது. பழத்தை மறைக்க முடியவில்லை.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். கிரியான் ஆற்றின் கரையில் நம் நிபோங் திபால் இருக்கிறது. அருகிலேயே பேராக் மாநிலம். நிபோங் என்பது ஒருவகைப் பனை. திபால் என்றால் தடிப்பு. சுற்றியுள்ள நிலத்தில் முதலில் கரும்பு விளைந்தது. பிறகு பால்மரம் வந்தது. இன்று செம்பனை நிற்கிறது. எந்தப் பயிர் நின்றாலும் லயத்து வீடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதமே உறவின் கயிறு. 1941 திசம்பரில் சப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. அன்றோடு இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அறுந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதை வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. போனவர் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வரிச் செய்தியும் எத்தனையோ வீடுகளுக்கு வரவே இல்லை. செய்தியின் அருமையை நம் பாட்டன் பாட்டிமார் அறிந்ததுபோல் நாம் அறியோம்.

அதே காலத்தில், கடலைக் கடந்து இந்தியாவுக்குள் செய்தியும் ஆளும் அனுப்ப ஒரு முயற்சி பினாங்கிலேயே நடந்தது. இந்திய சுதந்திரச் சங்கத்தின் சார்பில் 1942இல் பினாங்கில் சுயராச்சியப் பயிற்சிக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதற்குப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் சீனாவுக்கு இந்தியத் தூதராகச் சென்றவர் இவரே. ஒற்றறிதல், கம்பியில்லாத் தந்தி முதலியவற்றில் இளைஞர்களுக்கு அங்கே பயிற்சி அளித்தார்கள். 1942 செப்டம்பரில் பயிற்சி பெற்ற சிலர் பினாங்கிலிருந்து சப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டனர். ஒரு குழு மலபாரில் தானூர்க் கரையிலும், மற்றொன்று கத்தியவார்க் கரையிலும் இறக்கிவிடப்பட்டன. வேறு சிலர் பர்மா வழியாகத் தரைமார்க்கமாய்ச் சென்றனர். தம்மைக் கேளாமல் மாணவர்களைச் சப்பானியர் அனுப்பினர் என்பதால் மனம் பொறாத ராகவன் கழகத்தையே மூடிவிட்டார்.

கரையேறியவர்கள் விரைவிலேயே பிடிபட்டார்கள். கடற்கரையில் புதிய முகங்களை ஊரார் கவனிக்காமல் இருப்பார்களா? சென்னையில் வழக்கு நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் வக்கம் அப்துல் காதர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌசா சிங், அனந்தன் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். திருவிதாங்கூரில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா வந்து வேலை பார்த்த அப்துல் காதருக்கு அப்போது வயது 26. முந்தின இரவு அவர் தம் தந்தைக்கு ஒரு மடல் எழுதினார். அதில் மறைப்பெழுத்து ஏதும் இல்லை.

அவர்கள் கற்ற கம்பியில்லாத் தந்தியின் குறையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வானொலி அலையில் போகும் செய்தியை எவரும் கேட்கலாம். குறியீட்டில் பூட்டி அனுப்பினாலும், "இங்கே ஒருவன் பேசுகிறான்" என்பது பகைவனுக்குத் தெரிந்துவிடும். எத்திசையிலிருந்து என்பதையும் கருவி கொண்டு அளந்துவிடுவான். செய்தியைப் பூட்டுவது எளிது, செய்தி இருப்பதை மறைப்பதுதான் அரிது என்று நாம் தொடக்கத்தில் கூறியது இதனால்தான்.

அந்த அரிய காரியத்திற்குப் போருக்குப் பின் ஒரு புதிய இடம் கிடைத்தது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ச் என்பவர், மூன்று மாதக் குழந்தையான தம் மகனின் நிழற்படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். நீளத்தில் 176, அகலத்தில் 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று நம் கைத்தொலைபேசி எடுக்கும் படம் கோடிப் புள்ளிக் கணக்கில் இருந்தாலும் அடிப்படை மாறவில்லை. படம் என்பது எண்களின் கூட்டம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 கருமை, 255 வெண்மை. வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்.

கணிப்பொறி இவ்வெண்ணை எட்டு இடங்களில் ஒன்றும் சுழியுமாக எழுதும். 180 என்பது 10110100. கடைசிச் சுழியை ஒன்றாக மாற்றினால் 181. ஒளியில் இந்த ஒரு படி வேறுபாட்டை எந்தக் கண்ணாலும் காண இயலாது. ஆகவே அந்தக் கடைசி இடத்தில் நம் செய்தியின் ஒன்றையும் சுழியையும் எழுதி வைக்கலாம். "அம்மா" என்ற சொல் கணிப்பொறியில் ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு குறிக்கு 24 இடங்கள் வீதம் 120 இடங்கள். வண்ணப் படத்தில் புள்ளிக்கு மூன்று இடம் கிடைப்பதால், 40 புள்ளிகளுக்குள் அம்மா அடங்கிவிடுவாள். பத்து இலட்சம் புள்ளியுள்ள படத்தில் ஒரு சிறு நூலையே வைக்கலாம்.

கண்ணை ஏமாற்றலாம், கணக்கை ஏமாற்ற முடியாது. இயற்கையான படத்தில் 180 எத்தனை, 181 எத்தனை என்று எண்ணினால் இரண்டும் சமமாக இருப்பதில்லை. கடைசி இடங்களில் செய்தியைத் திணித்தால் இத்தகைய இணைகள் சமமாகிக்கொண்டே வரும். இதனை அளந்து திருட்டைக் கண்டுபிடிக்கும் முறையை 1999இல் வெசுட்பெல்டு, பிட்சுமன் என்ற செருமானிய ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். அதிலும் தெளிந்த வானம், வெள்ளைச் சுவர் போன்ற வழவழப்பான பகுதிகளில் மாற்றம் செய்தால் அகப்படுவது இன்னும் எளிது.

அப்படியானால் எங்கே ஒளிப்பது? விடை: விளிம்பில். நம் தோட்டத்துப் படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வானம், அதில் அடுத்தடுத்த புள்ளிகளின் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் செம்பனை மட்டையின் கூர்முனை வானத்தைத் தொடும் இடத்தில், 210க்குப் பக்கத்தில் 60 நிற்கும். பால்மரத்தின் பட்டையிலும் வெட்டுக்கோட்டிலும் இப்படித்தான் எண்கள் ஏறி இறங்கும். அந்தச் சந்தடியில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யார் கணக்குப் பார்ப்பது? வெறிச்சோடிய சாலையில் புதிய ஆள் உடனே கண்ணில் படுவான். சந்தைக் கூட்டத்தில் படமாட்டான்.

விளிம்பைக் கணிப்பொறிக்குக் காட்டுவதற்கும் வரலாறு உண்டு. 1968இல் சோபல் என்பவர் பெல்டுமன் என்பவரோடு சேர்ந்து ஒரு முறையைக் கூறினார். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளில், இடப்பக்க மூன்றின் கூட்டலிலிருந்து வலப்பக்க மூன்றின் கூட்டலைக் கழிக்க வேண்டும். நடுப்புள்ளிக்கு இரட்டை மதிப்பு. மேலும் கீழும் இவ்வாறே. விடை பெரிதாயின் அது விளிம்பு. 1986இல் சான் கேனி என்பவர் இதனினும் நுட்பமான முறையைத் தந்தார். நோய்ப் படங்களை ஆராயவும் இயந்திரங்களுக்குப் பார்வை தரவும் பிறந்த கணக்குகள் இவை. 2010இல் சீன ஆய்வாளர் மூவர், லுவோ என்பவரை முதலாசிரியராகக் கொண்டு, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேறுபாட்டைப் பார்த்து மறைக்கும் முறையை வெளியிட்டனர். சிறு செய்தியானால் மிகக் கூர்மையான விளிம்புகளில் மட்டும் வைக்கும். செய்தி நீளநீள அடுத்த தர விளிம்புகளுக்கும் இறங்கி வரும். வெட்டுக்காரர் முதலில் நல்ல மரங்களைத் தேர்ந்துகொள்வது போல!

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளித்து வைத்ததால் எண்கள் மாறிவிட்டன அல்லவா? பெறுபவர் மறுபடி விளிம்பைத் தேடும்போது வேறு புள்ளிகள் விளிம்பாகத் தோன்றினால் செய்தி குழம்பிவிடும். அதற்கு ஓர் உபாயம், கடைசி இடத்தை இருவருமே கணக்கில் சேர்க்காமல், மேல் இடங்களைக் கொண்டு மட்டும் விளிம்பு காண்பது. மாற்றம் நடப்பது கடைசி இடத்தில் மட்டும் ஆதலால், இருவர் காணும் விளிம்பும் ஒன்றாகவே இருக்கும். இந்த உபாயம் நமக்கு மிகவும் பிடித்தது, எளிமையானது, பிழையற்றது.

இது ஏட்டளவில் நிற்கும் கலையன்று. 2010 சூன் மாதம் அமெரிக்காவில் பிடிபட்ட உருசிய ஒற்றர்கள் சாதாரணப் படங்களுக்குள் செய்தியை வைத்து அனுப்பினார்கள் என்பது அவர்கள்மீதான குற்றப்பத்திரிகையில் உள்ளது. சில வண்ண அச்சுப்பொறிகள் நாம் அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளால் நாளையும் பொறியின் எண்ணையும் பொறித்துவிடுகின்றன என்பது 2005இல் வெளியாயிற்று. கேளாமலே நம்மைப் பற்றி எழுதும் மறைப்பெழுத்து இது, நமக்கு உடன்பாடில்லை. நல்ல பயனும் இல்லாமல் இல்லை. மருத்துவமனையில் எடுக்கும் எக்சுரே படத்துள் நோயாளியின் விவரத்தைப் பதித்துவிட்டால், படமும் பெயரும் பிரிந்து ஆள் மாறாட்டம் நேராது.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாட்சாப் என்னும் புலனத்தில் படத்தைப் படமாகவே அனுப்பினால், அது அளவைக் குறைப்பதற்காக எண்களை மாற்றி எழுதிவிடும். கடைசி இடங்களில் வைத்தது அத்தனையும் வழியிலேயே அழிந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எண்கள் மாறாமல் அப்படியே போய்ச் சேரும்.